பூங்காவுக்கு வந்தவர் மனநிறைவோடு போனாரா? கேட்டு அறியும் முறை



கல்வராயன்மலைக்குச் சுற்றுலா வருபவர்கள் வழியில் கோமுகி அணையை ஒட்டிய பூங்காவில் இளைப்பாறுகிறார்கள். மேலே கரியாலூரில் படகுத் துறையையும் சிறுவர் பூங்காவையும் பார்க்கிறார்கள். பெரியார் அருவி, மேகம் அருவி என்று சுற்றிவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். இவர்களில் பலர் சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் கடைவீதிகளைக் கடந்துதான் போய் வருகிறார்கள். தண்ணீர் பாட்டிலில் தொடங்கி மளிகை, பழம், பேக்கரி, ஓட்டல், பஞ்சர் கடை வரை எல்லோருக்கும் இவர்களால் நாலு காசு புரள்கிறது. மலையில் விளையும் சாமை, புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றுக்கும் புதிய வாடிக்கையாளர் கிடைக்கிறார்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. அன்று முதல் பூங்காவைச் சீரமைக்க வேண்டும், மலையில் தங்கும் விடுதி கட்ட வேண்டும், சாலையை அகலப்படுத்த வேண்டும் என்ற பேச்சு நம் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நல்ல பேச்சுதான். ஆனால் எதை முதலில் செய்வது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறோம். வளைவு கட்டலாம் என்கிறார் ஒருவர். வண்ண விளக்கு போடலாம் என்கிறார் மற்றொருவர். வந்து போகிறவருக்கு வேண்டியது குழாயில் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறையாக இருக்குமானால், வளைவுக்குப் போட்ட பணம் யாருக்குப் பயன்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. இதை அளக்க வேண்டுமானால் வந்தவரைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு முறை ஒன்று உண்டு. அதை நம் தொழில் பழக்கத்தோடு ஒப்பிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கா செய்த அட்டைக் கணக்கு

பூங்காவுக்கு வந்தவரின் மனநிறைவைத் தொடர்ந்து கணக்கெடுத்ததில் அமெரிக்கா நமக்கு நல்ல உதாரணம். அங்கே தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் துறை 1916 இல் ஏற்படுத்தப்பட்டது. 1993 இல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசுத் துறைகள் எவ்வளவு செலவு செய்தோம் என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் செலவால் மக்களுக்கு என்ன பலன் கிடைத்தது என்பதையும் அளந்து காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அதன்படி 1998 முதல் ஐடஹோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு முந்நூறுக்கும் மேற்பட்ட பூங்காக்களிலும் நினைவிடங்களிலும் ஓர் அட்டை கொடுக்கப்பட்டது.

ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு மாத காலத்துக்குள் தேர்ந்தெடுத்த பார்வையாளர்களுக்கு 400 அட்டைகள். அட்டையில் மூன்று பகுதிகள். முதலாவது வசதிகள்: தகவல் நிலையம், காட்சிக்கூடம், கழிப்பறை, நடைபாதை. இரண்டாவது சேவைகள்: ஊழியர்களின் உதவி, வரைபடம், வழிகாட்டியின் விளக்கம், பூங்காவுக்குள் இருக்கும் கடைகளும் உணவகங்களும். மூன்றாவது பொழுதுபோக்கு: இயற்கையைப் பார்த்து மகிழவும் நடந்து திரியவும் கிடைத்த வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரை ஐந்து படிகள். பார்வையாளர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு தபால்தலை ஒட்டாமலே அஞ்சலில் சேர்த்துவிடலாம். நன்று, மிக நன்று என்று சொன்னவர்களை மனநிறைவு அடைந்தவர்களாகக் கொண்டார்கள்.

இந்த ஐந்து படி முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க அறிஞர். ஆண்டு 1932. எளிய முறை என்பதால் உலகெங்கும் பரவிவிட்டது.

நம் நாட்டிலும் இப்பழக்கம் வந்துவிட்டது. 2016 இல் 73 நகரங்களோடு தொடங்கிய தூய்மை நகரங்கள் கணக்கெடுப்பில், குடிமக்கள் கருத்துக்கும் மதிப்பெண் உண்டு. உயிரியல் பூங்காக்களை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் தரம் பார்த்து வரிசைப்படுத்தி 2022 இல் அறிவித்தபோது, டார்ஜிலிங் பூங்காவுக்கு அடுத்தபடியாக நம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இரண்டாம் இடம் பெற்றது. பெரிய பூங்காக்களுக்கு இப்படி அளவுகோல் இருக்கும்போது, ஓர் அணைக்கட்டுப் பூங்காவுக்கும் சிறிய அளவில் ஒன்று இருக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது. தாளும் ஆளும்தான் வேண்டும்.

யாரைக் கேட்பது?

மூட்டை வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வாய்க்கட்டை அவிழ்த்து மேலே இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசுவதில்லை. குத்தூசி விட்டு அடியில், நடுவில், ஓரத்தில் மாதிரி எடுத்துக் கையில் கொட்டிப் பார்க்கிறோம். நூறு மூட்டை வந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்துகிறோம். வண்டிக்காரர் எடுத்து நீட்டும் மூட்டையை மட்டும் குத்துகிறவர் வியாபாரம் செய்ய முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதும், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால்தான் சரி.

ஆட்களைக் கேட்பதிலும் இதே நியாயம். புகார்ப் பெட்டி வைத்தால் கோபக்காரர் மட்டும் எழுதிப் போடுவார். செல்போனில் நட்சத்திரம் போடச் சொன்னால் மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் நொந்தவரும் போடுவார்கள். இடையில் இருக்கும் பெரும்பாலோர் பேசாமல் போய்விடுவார்கள். மலையில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. தானாக வந்து சொல்கிறவரின் பேச்சைத் தள்ளிவிட வேண்டாம். அதையே ஊர்ப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இதற்கு உலகம் அறிந்த பாடம் ஒன்று இருக்கிறது. 1936 இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து லாண்டன் வெல்வார் என்று எழுதியது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 இல் வென்றார். அட்டை போன முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை; வசதி படைத்தவர்களே அதில் மிகுதி. திருப்பி அனுப்பியவர்களும் தாமாக முன்வந்தவர்கள். அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்து ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மாதிரி நல்லதாகிவிடாது என்பது அன்று தெரிந்தது.

ஆகவே செய்ய வேண்டியது இது. பூங்காவை விட்டு வெளியே வரும் வாயிலில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவரைக் கேட்டால் அவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை. வெளிவரும் குழுக்களில் பத்தாவது குழு என்று வைத்துக்கொண்டால் பத்தாவதைத்தான் கேட்க வேண்டும். சிரித்த முகமாக இருக்கிறாரே என்று ஒன்பதாவதைக் கேட்கக் கூடாது. குழுவில் எப்போதும் வண்டி ஓட்டி வந்த ஆணையே கேட்பதும் தவறு. பதினெட்டு வயது நிரம்பியவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைக் கேட்பது என்று ஒரு வழி உண்டு. அதனால் பெண்களும் முதியோரும் தானாகவே கணக்கில் வந்துவிடுவார்கள். கழிப்பறை பற்றியும் படிக்கட்டு பற்றியும் அவர்கள் சொல்வதே முக்கியம்.

எத்தனை பேர், எந்த நாள்?

'ஆயிரக்கணக்கில் வருகிறார்களே, நானூறு பேரைக் கேட்டால் போதுமா?' என்று கேட்பீர்கள். முறையாகத் தேர்ந்தெடுத்த 400 பேரில் 60 சதவீதம் பேர் ஒன்றைக் குறை சொன்னால், வந்தவர் அனைவரையும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் விடை 55 க்கும் 65 க்கும் இடையில் இருக்கும் என்று 100 க்கு 95 தடவை நம்பலாம். 100 பேரை மட்டும் கேட்டால் இந்த ஏற்ற இறக்கம் இரு பக்கமும் ஏறத்தாழ 10 ஆகும். கழிப்பறை வேண்டுமா, வளைவு வேண்டுமா என்று முடிவு செய்ய 400 தாராளம். வந்தவர் பத்தாயிரமா, ஒரு லட்சமா என்பதால் இதில் பெரிய மாற்றம் வராது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். காணும் பொங்கல், கோடை விழா, சாதாரண ஞாயிறு, வாரநாள், மழைக்குப் பின் அருவியில் நீர் கொட்டும் காலம், வறண்ட காலம் என ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வேறு, குறையும் வேறு. திருவிழா நாளில் மட்டும் கேட்டால் நெரிசல் ஒன்றே குறையாகத் தெரியும். வாரநாளில் மட்டும் கேட்டால் நெரிசலே இல்லை என்று வரும். இரண்டிலும் கேட்க வேண்டும்.

கேட்ட பிறகு சேர்த்துக் கூட்டுவதிலும் ஒரு நுணுக்கம். 10 மூட்டையை 900 ரூபாய்க்கும் 90 மூட்டையை 1,000 ரூபாய்க்கும் வாங்கினால் சராசரி கொள்முதல் விலை 950 என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டார். 990 என்றுதான் எழுதுவார். அதுபோல, வாரநாளில் 100 பேரையும் ஞாயிறன்று 100 பேரையும் கேட்டிருந்தால், இரண்டு நாளும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கைக்கு ஏற்றபடி எடை போட்டே சராசரி காண வேண்டும். ஆகவே கேட்பதோடு எண்ணுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். எத்தனை வண்டி, எத்தனை பேர் என்ற வருகைக் கணக்கு இல்லாத கருத்துக் கணக்கு அரைக் கணக்கு.

என்ன கேட்பது?

கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். ஒரு கேள்வியில் ஒரு பொருளைத்தான் கேட்க வேண்டும். 'குடிநீரும் கழிப்பறையும் எப்படி?' என்று கேட்டால், குடிநீர் நன்று, கழிப்பறை மோசம் என்று நினைக்கிறவர் எதைச் சொல்வார்? 'எங்கள் அழகிய பூங்கா உங்களுக்குப் பிடித்திருந்தது அல்லவா?' என்று கேட்டால் விடையை நாமே வாயில் ஊட்டுகிறோம். தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கும்படி கீழ்க்கண்டவாறு வைத்துக்கொள்ளலாம்:

1. எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர், எந்த வாகனத்தில் வந்தீர்கள்?
2. இது முதல் தடவையா?
3. வழிகாட்டிப் பலகைகள் எப்படி?
4. வண்டி நிறுத்தும் இடம் எப்படி?
5. குடிநீர் எப்படி?
6. கழிப்பறை எப்படி? (பயன்படுத்தியவர் மட்டும்)
7. நடைபாதை, படிக்கட்டு, கைப்பிடி எப்படி?
8. குழந்தைகள் விளையாடும் இடம் எப்படி?
9. குப்பை, தூய்மை எப்படி?
10. ஊழியர் நடந்துகொண்ட விதம் எப்படி?
11. கடைகளில் பொருளின் தரமும், அடுத்து விலையும், தனித்தனியே எப்படி?
12. மேற்கண்டவற்றில் முதலில் சரிசெய்ய வேண்டியது எது?
13. மறுபடி வருவீர்களா? இல்லையென்றால் ஏன்?

பன்னிரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. வழிகாட்டிப் பலகை மோசம் என்று பாதிப்பேர் சொல்லலாம்; ஆனால் அதற்காக யாரும் வராமல் இருக்கப் போவதில்லை. கழிப்பறையைக் குறை சொன்னவர் அதைவிடக் குறைவாக இருந்தாலும், அவர்கள் குடும்பத்தோடு மறுபடி வராமல் போகலாம். குறையின் அளவும் அவசரமும் வேறு வேறு.

பெயரும் செல்போன் எண்ணும் கேட்கவே வேண்டாம். பின்னால் கடை விளம்பரம் அனுப்ப உதவுமே என்ற ஆசை நமக்கு வரும். எண் கேட்டால் வந்தவர் தயங்குவார். உள்ளதைச் சொல்ல மாட்டார். தனிநபர் தரவைக் காக்க 2023 இல் சட்டமே இயற்றப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

யார் கேட்பது?

சீருடை அணிந்த காவலர் 'ஊழியர் எப்படி நடந்துகொண்டார்?' என்று கேட்டால் எல்லோரும் நன்று என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் நின்று கடை விலையைக் கேட்டாலும் அப்படித்தான். ஆகவே இரு தரப்பையும் சேராதவர்கள் கேட்க வேண்டும். கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். கன்னடம், தெலுங்கு பேசுகிறவர் வந்தால் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பது நல்லது. பூங்காவும் வனப்பகுதியும் அரசுத் துறைகளின் பொறுப்பில் இருப்பதால் முன் அனுமதி பெற்றே செய்ய வேண்டும்.

இன்னொரு யோசனையை நம் நாட்டு அறிஞரிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரி முறையில் மதிப்பிட்டவர். நம் கோணிப்பைக்கு நூல் தந்த அதே சணல்தான். 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும் அவர் முயற்சியால் வந்தது. ஒரே பகுதியில் இரண்டு குழுக்களைத் தனித்தனியே அனுப்பித் தனித்தனி மாதிரி எடுக்கச் செய்வது அவர் வழக்கம். இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகிப் போனால் ஏதோ கோளாறு. குடோனில் இருப்பு எடுக்கும்போது இரண்டு பேரைத் தனித்தனியே எண்ணச் சொல்கிறோமே, அதே முறைதான். நம் 400 தாளையும் இருநூறு இருநூறாக இரண்டு குழுக்களிடம் கொடுத்தால் இந்தச் சோதனையும் செலவில்லாமல் நடந்துவிடும்.

மொத்த மதிப்பெண்ணில் மயங்கக் கூடாது

அமெரிக்க அட்டைகளில் மொத்த மனநிறைவு ஆண்டுதோறும் 95 சதவீதத்தை ஒட்டியே வந்தது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் குடும்பத்தோடு நெடுந்தூரம் பயணம் செய்து, மலையையும் நீரையும் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறவர் 'மொத்தத்தில் நன்று' என்றுதான் சொல்வார். அந்த மகிழ்ச்சியில் பெரும்பங்கு இயற்கை கொடுத்தது; நிர்வாகம் செய்தது எவ்வளவு என்பது தனித்தனி வரிகளில்தான் தெரியும். லாப நட்டக் கணக்கில் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பேரேட்டை மூடுகிறவருக்கு எந்தச் சரக்கில் நட்டம் என்று தெரியாது.

வாயிலில் நிற்பவரிடம் கிடைக்காத விடைகளும் உண்டு. ஒரு தடவை வந்து நொந்து, பிறகு வராமலே போனவர் அங்கே இருக்க மாட்டார். கால் வலியால் வர முடியாத முதியவரும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் இருக்க மாட்டார்கள். இவர்களை நம் கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் தனியே விசாரிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, மலையில் குடியிருக்கும் மக்கள் இருக்கிறார்கள். வந்து போகிறவருக்கு மலை ஒரு நாள் பொழுதுபோக்கு; அவர்களுக்கு அது வீடும் விளைநிலமும். சாலையில் நெரிசல், ஓடையில் குப்பை, விற்பனையில் வருமானம் ஆகியவை பற்றி அவர்களுக்கு வேறு கேள்வித்தாள் வேண்டும். வந்தவர் மனம் நிறைந்து, இருப்பவர் மனம் குறைந்தால் அந்தச் சுற்றுலா நெடுநாள் நிலைக்காது.

காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியும் கொடைக்கானலும் சாட்சி. கூட்டம் தாங்கும் அளவைக் கடந்துவிட்டதோ என்ற நிலை வந்த பிறகு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராயும் பணியும் அதன் பிறகே தொடங்கியது. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தபோது நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. நம் மலைக்கு அந்த நிலை வருமுன் வருகைக் கணக்கும் கருத்துக் கணக்கும் நம் கையில் இருந்தால், முடிவெடுப்போருக்கும் வசதி, நமக்கும் பேச ஆதாரம்.

நாம் செய்ய வேண்டியவை

கேட்டதோடு நின்றுவிட்டால் அடுத்த முறை யாரும் விடை சொல்ல மாட்டார்கள். என்ன சொன்னார்கள், அதில் எது சரிசெய்யப்பட்டது, எது முடியவில்லை, ஏன் என்பதை வாயிலில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே கேள்விகள், அதே முறையில் கேட்க வேண்டும். கேள்வியை மாற்றினால் படியை மாற்றி அளந்தது போலாகும். கூடிற்றா குறைந்ததா என்று சொல்ல முடியாது.

வணிகப் பெருமக்களே! நமக்கும் இதில் ஒரு சோதனை இருக்கிறது. பதினொன்றாவது கேள்வி நம்மைப் பற்றியது. தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கிறார்கள், நாள் கடந்த பிஸ்கட் கொடுத்தார்கள், 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள் என்று அந்த வரியில் வந்தால், அதையும் மற்ற வரிகளோடு சேர்த்து அப்படியே பலகையில் எழுத நாம் சம்மதிக்க வேண்டும். கழிப்பறைக் குறையைப் பெரிய எழுத்திலும் கடைக் குறையைச் சிறிய எழுத்திலும் எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. தராசு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் தராசு.

ஆகவே நம் சங்கம் மாவட்ட நிர்வாகத்துக்கும் உரிய துறைகளுக்கும் இப்படி ஒரு யோசனையை எழுத்து மூலம் வைக்கலாம். தாள், அச்சு, மாணவர்களின் சாப்பாடு, போக்குவரத்து ஆகிய செலவை நாம் ஏற்கலாம். கேள்வித்தாளில் எந்தக் கடையின் பெயரும் விளம்பரமும் இடம்பெறக் கூடாது. தாள்களை எண்ணும் பொறுப்பைக் கல்லூரி ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். முதலில் கோமுகி அணைப் பூங்காவில் 50 தாள்களை வைத்து ஒரு நாள் ஒத்திகை பார்த்து, புரியாத கேள்விகளைத் திருத்திக்கொண்டு, பிறகு ஓராண்டில் நான்கு பருவங்களுக்கும் நூறு நூறாகப் பிரித்து 400 தாள்களை முடிக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.